பதினான்காம் நம்பர் வீடு வெளியூர் போனது

அக்கினி நட்சத்திரம் தொடங்கிய மறுநாள், காலை ஒன்பதேகால் மணிக்கு, நத்தக்குளம் மில் காலனி இரண்டாம் தெருவில் இருந்த பதினான்காம் நம்பர் வீடு சன்னல்களையெல்லாம் சாத்திக்கொண்டு எழுந்து வெளியூர் போனது. வீட்டுக்காரர்கள் நான்கு பேரும் அப்போது வீட்டில் இல்லை. பக்கத்து ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். பதினோரு மணிக்கு மினி பஸ்ஸில் வந்து இறங்கி, ஆளுக்கொரு தாம்பூலப் பையுடன் தெருமுனை திரும்பியபோது, பன்னிரண்டாம் நம்பருக்கும் பதினாறாம் நம்பருக்கும் நடுவில் வானம் தெரிந்தது.

காம்பவுண்டுச் சுவர் இருந்தது. பூட்டிய இரும்பு கேட் இருந்தது. உள்ளே வேப்பமரமும் துவைகல்லும், கொடியில் காயப்போட்ட இரண்டு நைட்டியும் ஒரு துண்டும் இருந்தன. வீடு நின்ற இடத்தில் மட்டும் இருபத்திரண்டு வருஷமாக வெயில் படாத கரிசல் மண் கறுகறுவென்று நீளச் சதுரமாகக் கிடந்தது. சங்கரபாண்டியன் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துக் கேட்டைத் திறந்து, மனைவி, மகள், தங்கை மூவரும் உள்ளே வந்தபிறகு வழக்கம்போல் திரும்பிச் சாத்தித் தாழ் போட்டார். அதன்பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் அங்கேயே நின்றார்.

எதிர்வீட்டுத் தங்கபுஷ்பம் கையில் கீரைக்கட்டோடு வந்து சேர்ந்தாள். நடந்ததைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

"ஒம்பதேகால் இருக்கும் வடிவு. நான் கீரை ஆஞ்சுக்கிட்டு இருந்தேன். மொதல்ல சன்னல் ஒவ்வொண்ணாச் சாத்துச்சு. பிறகு மாசமா இருக்கிற புள்ள கையூனி எந்திரிக்குமே, அப்படி மெல்ல எந்திரிச்சுச்சு. கரண்டு ஒயரையெல்லாம் பதனமாக் கழத்திப் போட்டுட்டு, கேட்டைத் தாண்டி, வடக்காமப் போச்சு."

"எங்க போறன்னு கேக்கலியாக்கா?" என்றாள் சங்கரபாண்டியனின் மனைவி வடிவு.

"கிளம்பிப் போறவுகளை எங்கன்னு கேக்கக் கூடாதுல்லா? நான் கேக்கல."

தெருவில் யாரும் அதைக் குற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை. கேட்டிருந்தால்தான் குற்றம் சொல்லியிருப்பார்கள். வீடு எதற்காகப் போனது என்பதிலும் யாருக்கும் பெரிய சந்தேகம் இருக்கவில்லை. முந்தின நாள் சாயங்காலம் அந்த வீட்டில் நடந்த பேச்சு இரண்டு பக்கச் சுவரையும் தாண்டிக் கேட்டிருந்தது.

அந்தப் பேச்சு வருஷா வருஷம் நடப்பதுதான். மே மாதத்தில் மில் பத்து நாள் மூடும். சங்கரபாண்டியன் அந்த மில்லில் டைம்கீப்பர். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எத்தனை மணிக்கு வெளியே போனார் என்று பார்ப்பது அவர் வேலை. மூடுவதற்கு முந்தின வாரம் வீட்டில் எல்லாரும் கூடி உட்கார்ந்து எங்கே போகலாம் என்று பேசுவார்கள். மகள் சுபிக்ஷா மணாலி என்பாள், பனியைக் கையில் அள்ள வேண்டும் என்பாள். தங்கை காந்திமதி, கல்யாணம் வேண்டாமென்று அண்ணனோடு இருந்துகொண்டு பால்வாடியில் வேலை பார்ப்பவள், காசி என்பாள். சங்கரபாண்டியன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் திருச்செந்தூர் என்பார், காலையில் போனால் சாயங்காலம் திரும்பிவிடலாம் என்பார். அதற்குள் மகள் அழ, தங்கை எழுந்து போக, கடைசியில் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "எல்லாம் சரி, வீட்டைப் போட்டுட்டு எப்படிப் போறது? வீட்டை யார் பாத்துக்கிடுவா?" என்று கேட்பார். அதோடு அந்த வருஷத்துப் பேச்சு முடிந்துவிடும். வீடு கட்டியதிலிருந்து இருபத்திரண்டு வருஷம் அப்படித்தான் முடிந்தது. இந்த முறை சுபிக்ஷா பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தாள். சூலையில் கோயம்புத்தூரில் கல்லூரி விடுதிக்குப் போகப்போகிறவள். "இந்த வருசம் போகலைன்னா நாம நாலு பேரும் சேந்து எப்பவும் போகப் போறதில்லப்பா" என்று கத்தினாள். அவர் தொண்டையைச் செருமினார்.

வடிவு அப்போதும் அங்கேதான் இருந்தாள். முழுப்பெயர் சண்முகவடிவு. பேச்சு நடக்கும்போதெல்லாம் அவள் அடுப்பங்கரைக்கும் முன்னறைக்குமாக நடந்து, காபி கொடுத்து, டம்ளரை எடுத்துக் கழுவிக் கவிழ்த்துவாள். எங்கே போகலாம் என்று அவளை யாரும் கேட்டதில்லை. கேட்காமல் விட்டார்கள் என்று அவள் வருத்தப்பட்டதும் இல்லை. அவளுக்கே அது தோன்றியதில்லை.

வீடு போன அன்று மத்தியானம் புருஷனும் பெண்சாதியும் காவல் நிலையத்துக்குப் போனார்கள். அங்கே எழுத்தர் காணாமல் போனவர்களுக்கான படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு, ஆணா பெண்ணா என்ற இடத்தைத் தாண்டி, வயசு என்ன என்று கேட்டார்.

"இருபத்திரண்டு."

"அப்ப மேஜர் ஆயிருச்சு. அதுவா இஷ்டப்பட்டுப் போயிருந்தா நாங்க ஒண்ணும் செய்ய முடியாது சார். சரி, அடையாளம் சொல்லுங்க. என்ன நிறம்?"

சங்கரபாண்டியன் யோசித்தார். "மஞ்சள். இளமஞ்சள்னு நெனைக்கேன்."

"பச்சை" என்றாள் வடிவு. "நாலு வருசமாப் பச்சை. பின்கதவு மழைக்கு உப்பும், தூக்கித்தான் சாத்தணும். அடுப்பங்கரை சன்னலுக்குக் கீழ ஒரு விரிசல் இருக்கு, பல்லி வால் மாதிரி. மூணாவது படியில கால் வச்சா உள்ள ஒரு சத்தம் கேக்கும்."

எழுத்தர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

தங்கபுஷ்பம் தன் வீட்டில் வந்து இருக்கச் சொன்னாள். சங்கரபாண்டியன் சம்மதிக்கவில்லை. வீடு திரும்பி வரும்போது இடத்தை வேறு யாராவது பிடித்திருந்தால் என்ன ஆவது என்றார். எனவே தெருக்காரர்கள் சேர்ந்து, கல்யாணத்துக்கும் சாவுக்கும் போடுகிற அதே பந்தலை அந்த இடத்தில் போட்டு, நாலு கயிற்றுக் கட்டிலும் ஒரு பானைத் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தார்கள். மறுநாள் காலையில் சங்கரபாண்டியன் மில்லிலிருந்து ஒரு சாக்குச் சுண்ணாம்புப் பொடி வாங்கிவந்து, நூல் பிடித்து, சுவர்கள் இருந்த இடமெல்லாம் வெள்ளைக்கோடு போட்டார். முன்னறை, படுக்கையறை, காந்திமதியின் அறை, அடுப்பங்கரை, குளியலறை என்று எல்லாம் அளவு பிசகாமல் வந்தன. வாசல் இருந்த இடத்தில் கோட்டை மூன்றடி விட்டிருந்தார்.

அந்தக் கோடுகளை ஊர் மதித்தது. வந்தவர்கள் வாசல் வழியாகத்தான் வந்தார்கள். செருப்பைக் கோட்டுக்கு வெளியே கழற்றினார்கள். உயரமானவர்கள் நிலைப்படி இருந்த இடத்தில் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருவர்கூடப் படுக்கையறைக் கோட்டைத் தாண்டிப் பார்க்கவில்லை. அந்தப் பக்கம் சுபிக்ஷா கட்டிலில் படுத்திருப்பது எல்லாருக்கும் தெரிந்தாலும், "பாப்பா உள்ள இருக்காளா?" என்று வடிவிடம் கேட்டார்கள். பால்காரர் வாசலில் நின்று மணியடித்தார். தபால்காரர் கடிதங்களை வாசற்கோட்டுக்கு உள்ளே தள்ளிவிட்டுப் போனார். மின்வாரியத்திலிருந்து மீட்டர் பார்க்க வந்தவர் இரண்டு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு, அட்டையில் 'வீடு பூட்டியிருக்கிறது' என்று எழுதினார்.

வந்தவர்களுக்கு இருந்த ஒரே குழப்பம் கையில் என்ன கொண்டுவருவது என்பதுதான். இது நோய் விசாரிக்க வருவதுபோலவா, துக்கம் கேட்க வருவதுபோலவா என்று தெருவில் இரண்டு நாள் பேச்சு ஓடியது. துக்கமென்றால் வெறுங்கையோடு வர வேண்டும். நோயென்றால் ரொட்டியும் ஆரஞ்சும். கடைசியில் தங்கபுஷ்பம்தான் தீர்த்துவைத்தாள். "புள்ளைக சுற்றுலா போனா யாராச்சும் அழுவாகளா? இது நல்ல காரியம்" என்று சீனியும் வாழைப்பழமும் கொண்டுவந்தாள். மற்றவர்களும் அப்படியே செய்தார்கள். பதினாறாம் நம்பரில் இருந்த ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் மட்டும், எதற்கும் இருக்கட்டும் என்று தன் வீட்டு முன்தூணைக் கிணற்றுக் கயிற்றால் பூவரச மரத்தோடு சேர்த்துக் கட்டினார். வேறு சிலர் வெளியே கிளம்பும்போது, "கடைக்குப் போயிட்டு வந்துடுதேன்" என்று வீட்டிடம் சொல்லிக்கொண்டு போக ஆரம்பித்தார்கள். பத்து வருஷமாக வெள்ளையடிக்காத வீடுகளுக்கு அந்த வாரம் வெள்ளையடித்தார்கள்.

நான்காம் நாள் முதல் செய்தி வந்தது. தீப்பெட்டி ஏற்றிக்கொண்டு வடக்கே போகிற லாரி டிரைவர் ஒருவர் நாக்பூர் தாண்டிப் போன் செய்தார். நெடுஞ்சாலை ஓரமாக, லாரிகளுக்கு வழிவிட்டு, ஒரு பச்சை வீடு நடந்து போவதைப் பார்த்ததாகவும், வாசல் மேல் 'முருகன் துணை' என்று தமிழில் எழுதியிருந்ததாகவும், ஆரன் அடித்ததற்கு அது ஒதுங்கிக்கொண்டதாகவும் சொன்னார். ஆறாம் நாள் அது காசியில் இருந்தது. அங்கே யாத்திரை போயிருந்த ஒரு சாத்தூர்க்காரர் எடுத்த படம் கைமாறிக் கைமாறிக் காந்திமதியின் போனுக்கு வந்தது. படித்துறை ஒன்றின் ஓரத்தில், மற்றக் கட்டடங்களுக்கு நடுவே கொஞ்சம் கூச்சத்தோடு, வாசற்படி கங்கையில் நனைய வீடு நின்றுகொண்டிருந்தது. காந்திமதி அந்தப் படத்தை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். ஒன்பதாம் நாள், பட்டாளத்தில் இருக்கும் தங்கபுஷ்பத்தின் அக்கா மகன் மணாலிப் பக்கத்திலிருந்து அனுப்பிய படத்தில், ஆப்பிள் மரங்களுக்கு நடுவில் ஒரு சரிவில், சன்னலையெல்லாம் விரியத் திறந்து போட்டுக்கொண்டு, வடிவு தைத்த பூப்போட்ட திரைகள் வெளியே பறக்க, சன்ஷேடில் பனியோடு அது நின்றது. முன்னால் நாலைந்து வடநாட்டுக்காரர்கள் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"நல்லா நிறம் வச்சிருக்கு" என்றாள் தங்கபுஷ்பம்.

"கொஞ்சம் எளைச்ச மாதிரி இருக்கு" என்றாள் இன்னொருத்தி.

சுபிக்ஷா அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நான் கேட்ட எடம்" என்று மட்டும் சொன்னாள். திருச்செந்தூருக்கு வீடு போகவே இல்லை என்பதைச் சங்கரபாண்டியனிடம் யாரும் சொல்லிக்காட்டவில்லை.

வடிவுக்கு அந்தப் பத்து நாளில் பெரிய கஷ்டம் ஒன்றும் இருக்கவில்லை. சமையலைத் தங்கபுஷ்பத்தின் வீட்டில் இருவருமாகச் செய்தார்கள், வேலை பாதியானது. ஒருநாள் காலை பதினோரு மணிக்கு, தண்ணீர் எடுக்க வந்தவள், அடுப்பங்கரைக் கோட்டுக்குள் போய் நின்றாள். அடுப்பு இருந்த இடம், தொட்டி இருந்த இடம், அரிசி டிரம் இருந்த இடம் என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தாள். இங்கே நின்று கை நீட்டினால் அங்கே எட்டும். இந்தப் பக்கம் மூன்று எட்டு, அந்தப் பக்கம் இரண்டரை எட்டு. சுவர் இருக்கும்போது அதை அவள் அளந்து பார்த்ததில்லை. இருபத்திரண்டு வருஷமாகப் பகலில் பாதி அவள் நின்றது இந்த வெள்ளைக்கட்டத்துக்குள்தான். நாலா பக்கமும் மற்ற மண் அதுபாட்டுக்கு விரிந்து கிடக்க, கட்டம் மட்டும் ஆடுகிற பிள்ளைகள் கீறிவிட்டுப் போனதுபோல் இருந்தது. தெற்கேயிருந்து காற்று வந்தது. அவள் குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். பிறகு வாசல் வழியாகப் போகாமல் சுவர்க்கோட்டைத் தாண்டி நேராக வேப்பமரத்தடிக்கு நடந்தாள். அங்கே சங்கரபாண்டியன் கட்டிலில் உட்கார்ந்து, காற்றில் அழிந்த கோடுகளைத் திருத்துவதற்குச் சுண்ணாம்புப் பொடியைச் சலித்துக்கொண்டிருந்தார்.

"ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றாள்.

"சொல்லு."

"வீடுதான் இப்ப இல்லையே. பூட்டுறதுக்கும் ஒண்ணுமில்ல, காக்குறதுக்கும் ஒண்ணுமில்ல. புள்ளைக்கு இன்னும் ஒன்றரை மாசம் இருக்கு. நாமளும் எங்கயாச்சும் போயிட்டு வந்தா என்ன?"

அவர் சலிப்பதை நிறுத்தவில்லை. "நாம போன நேரம் பாத்து வீடு வந்துருச்சுன்னா? வந்து பாக்கையில ஆள் இல்லைன்னா அது என்ன நெனைக்கும்?"

வடிவு அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குக் கோபம் வரவில்லை. கணக்குப் போட்டுக்கொண்டே வந்து கடைசியில் முதல் வரியிலேயே தப்பு என்று கண்டுபிடித்தவள்போல் இருந்தது.

"அப்ப இத்தனை வருசமும் வீட்டுக்காக இல்ல" என்றாள்.

அவர் சல்லடையில் இன்னொரு கை பொடியை அள்ளிப் போட்டார்.

"வீடு இருந்தாலும் போக மாட்டீக, இல்லாட்டியும் போக மாட்டீக. அப்ப என்னது? என்கிட்ட சொல்லக் கூடாததா?"

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. தெருவில் ஆள் இல்லை. சங்கரபாண்டியன் சல்லடையைக் கட்டிலின் மேல் வைத்தார். விரல்களில் ஒட்டிய சுண்ணாம்பை வேட்டியில் துடைத்தார்.

"எனக்கு இருபத்திமூணு வயசுல நான் பம்பாய் போனேன்ல."

"தெரியும். தண்ணி ஒத்துக்கிடாமத் திரும்பி வந்தீக."

"தண்ணி ஒத்துக்கிட்டுச்சு. நான் பம்பாயையே பாக்கல வடிவு. டேசன்ல எறங்குனேன். கூட்டிட்டுப் போக வரேன்னவன் வரல. விலாசம் எழுதுன தாளு சட்டைப்பையில வேர்வையில ஊறி எழுத்தெல்லாம் கரைஞ்சு போச்சு. ஏரியா பேரு மட்டும் ஞாபகம் இருக்கு. யார்ட்டயாச்சும் கேக்கணும். கேக்க வாய் வரல. ஒருத்தன்கிட்டக் கேட்டேன். நான் கேட்ட விதத்தைப் பாத்து அவன் சிரிச்சுட்டான், கூட நின்ன ரெண்டு பேரும் சிரிச்சாங்க. அதுக்குப் பிறகு கேக்கல. மூணு நாள் அந்த டேசன் பெஞ்சுலயே உக்காந்திருந்தேன். நாலாம் நாள் ரயிலேறித் திரும்பிட்டேன்."

"மூணு நாளும் சாப்பாடு?"

"பக்கத்துல உக்காந்திருந்த ஒரு அம்மா ரெண்டு சப்பாத்தி குடுத்தாக. அவுக என்ன சொல்லிக் குடுத்தாகன்னுகூட எனக்குத் தெரியல. இங்க மில்லு கேட்டுல நான் உக்காந்தா நூறு பேரு என்னைக் கேட்டுட்டுப் போறான். அங்க நான் ஒரு சாக்கு மூட்டை மாதிரி கெடந்தேன்."

இருபத்திமூன்று வருஷமாக அவரோடு இருப்பவள் அதைக் கேட்டுக்கொண்டாள். பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொல்லவேண்டும் என்று தோன்றியது. அதைவிட முக்கியமாக வேறொன்று சொல்லவேண்டியிருந்தது.

"சரி. இனிமே வழி கேக்குறதை நான் கேக்கேன்" என்றாள். "நீங்க கேக்கவே வேண்டாம். கூட வந்தாப் போதும்."

அவர் சல்லடையைப் பார்த்தார். பிறகு கோடுகளைப் பார்த்தார். "எங்க போகணுங்க?" என்று கேட்டார். அவளிடம் அவர் மரியாதை போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. தெரிந்து பேசியதுபோல இல்லை, மில் கேட்டில் புது ஆளிடம் பேசுகிற வழக்கம் அப்போது எப்படியோ வாயில் வந்துவிட்டது.

யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வடிவு குடத்தை எடுக்கப் போனாள்.

அன்று சாயங்காலம் தெருவே பந்தலில் கூடியது. வாசலில் செருப்புகள் குவிந்தன. ஆளுக்கொரு ஊர் சொன்னார்கள். ஊட்டி என்றார் ஒருவர்; இந்த மாசம் ஊட்டியில் மரத்தைவிட மனுஷன் அதிகம் என்றார் இன்னொருவர். கணக்கு வாத்தியார் தான் முப்பது வருஷத்துக்கு முன்னால் போன மைசூரைப் பற்றி அரைமணி நேரம் சொன்னார். சங்கரபாண்டியனும் சுபிக்ஷாவும் மணாலி என்றார்கள். அப்பாவும் மகளும் ஒரே ஊரைச் சொன்னது எல்லாருக்கும் ஆச்சரியமாக இருந்தது. வீடு கிளம்பிப் போனதைவிட இதுதான் ஆச்சரியம் என்று தங்கபுஷ்பம் சொன்னாள்.

"வீடு அங்கதான இருக்கு" என்றார் சங்கரபாண்டியன். "போயி அதுலயே தங்கிக்கிடலாம். சாவி கையில இருக்கு. திரும்பும்போது கையோட கூட்டிட்டு வந்துரலாம்."

அப்படியென்றால் சரிதான் என்று பந்தல் முழுக்கத் தலையாட்டியது. வாடகை மிச்சம், சாப்பாடு மிச்சம், சொந்தக் கட்டில்.

"வேண்டாம்" என்றாள் வடிவு.

அவள் காபித் தட்டோடு அடுப்பங்கரைக் கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள்.

"வீடு இருக்கிற ஊருக்கு நான் வரல. அங்க போனா நான் அடுப்பங்கரைக்குள்ளதான் நிப்பேன். சன்னல் வழியாப் பனி தெரியும், அவ்வளவுதான். அதுவும் கொஞ்ச நாள் நம்ம இல்லாம இருக்கட்டும். நாமளும் அது இல்லாம இருப்போம்."

காந்திமதிதான் கேட்டாள். "நீங்க எங்க போகணும் மதினி? அதைச் சொல்லுங்க."

வடிவு தட்டைக் கீழே வைத்தாள். நாலு நாளைக்கு ஒருதரம் தண்ணீர் லாரி வருகிற ஊரில் பிறந்து, அதேபோன்ற இன்னொரு ஊருக்கு வாழ்க்கைப்பட்டவள். அவள் பார்த்த ஆறு வைப்பாறு. அதில் எந்த வருஷமும் மணலைத்தான் பார்த்திருக்கிறாள். மத்தியானமெல்லாம் யோசித்ததில் அவளுக்குக் கிடைத்தது ஓர் ஊரின் பெயர்கூட இல்லை.

"பெரிய ஆறு பாக்கணும்" என்றாள். "இந்தக் கரையில நின்னா அந்தக் கரை தெரியக் கூடாது. அப்படி ஒண்ணு இருக்கா?"

சுபிக்ஷா போனில் தேடினாள். கணக்கு வாத்தியார் அதற்குள் சொல்லிவிட்டார். "இருக்கு. பிரம்மபுத்திரா. அஸ்ஸாம்ல. ஆத்துக்கு நடுவுலயே ஒரு தீவு இருக்கு, ஊரே இருக்கு. ரொம்பத் தூரம்மா. ரயில்ல மட்டுமே மூணு நாள்."

"இருக்கட்டும்" என்றாள் வடிவு.

மில் திறக்கிற தேதி நெருங்கியிருந்ததால் சங்கரபாண்டியன் லீவுக்கு எழுதிக் கொடுத்தார். இருபத்தெட்டு வருஷத்தில் அவர் போட்ட முதல் நீண்ட லீவு. காரணம் என்ற இடத்தில் 'ஆறு' என்று எழுதியிருந்ததைப் பார்த்தும் மேனேஜர் கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போட்டார். வீடு விஷயம் அவருக்கும் தெரியும். துணிமணியெல்லாம் வீட்டோடு போயிருந்ததால், தெருவில் இருந்தவர்கள் ஆளுக்கு இரண்டு உருப்படி கொடுத்தார்கள். தங்கபுஷ்பத்தின் ஸ்வெட்டரும், பால்காரர் கொடுத்த பையும், யாரோ கொடுத்த குடையுமாக நான்கு பேரும் கிளம்பினார்கள். சங்கரபாண்டியன் கேட்டைப் பூட்டி, பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்த்தார்.

"வீடு வந்தா?" என்றார்.

"வந்தா நான் பாத்துக்கிடுதேன் தம்பி" என்றாள் தங்கபுஷ்பம். "ரெண்டு வார்த்தை பேசி உக்கார வைக்கேன். நீங்க போங்க." எந்த ஊர் என்று தெரு முழுவதற்கும் தெரிந்திருந்தாலும், அவர்கள் தெருமுனை திரும்பும்வரை யாரும் ஊரின் பெயரைச் சொல்லவில்லை.

சென்னையில் ரயில் மாறினார்கள். அதற்கப்புறம் மூன்று நாள் ஆந்திராவும் ஒரிசாவும் வங்காளமும் சன்னலில் ஓடின. சங்கரபாண்டியன் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கைக்கடிகாரத்தைப் பார்த்து, ரயில் எத்தனை நிமிஷம் தாமதம் என்று சொல்லிக்கொண்டு வந்தார். இறங்கவில்லை. வடிவுதான் இறங்கினாள். முதல் ஸ்டேஷனில் தண்ணீர் எங்கே என்று கேட்கும்போது அவளுக்கும் நாக்கு ஒட்டிக்கொண்டது. ஆனாலும் கேட்டாள், தமிழில்தான் கேட்டாள், பாட்டிலை ஆட்டிக் காட்டினாள். கேட்கப்பட்டவன் சிரித்தான். வடிவும் சிரித்தாள். அவன் குழாயைக் காட்டினான். அவ்வளவுதான் அது. கௌஹாத்தியில் இறங்கி, இன்னொரு ரயில் பிடித்து, அதற்குமேல் ஒரு வேன் பிடித்து, படகுத்துறை போய்ச் சேரும்வரை அவள் பதினேழு பேரிடம் வழி கேட்டாள். அதில் நாலு பேர் தப்பான வழி சொன்னார்கள். தப்பான வழியில் போய் ஒரு சந்தையைப் பார்த்தார்கள். காந்திமதி அங்கே ஒரு மூங்கில் கூடை வாங்கினாள்.

ஆறு அவள் நினைத்ததுபோல் இல்லை. நீலமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். அது சேறு கலந்த காபி நிறத்தில், ஒரு நிலமே எழுந்து நகர்வதுபோல, சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. படகில் மோட்டார் சைக்கிள்களும் இரண்டு பசுமாடும் சைக்கிளோடு ஒரு வாத்தியாரும் அரிசி மூட்டைகளும் ஏறின. சுபிக்ஷா முன்னால் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காந்திமதி மாட்டுக்குப் பக்கத்தில் இடம் பார்த்து உட்கார்ந்தாள். வடிவும் சங்கரபாண்டியனும் மேல்தட்டில், மூட்டைகளில் சாய்ந்து உட்கார்ந்தார்கள். படகு கரையை விட்டு நகர்ந்து கொஞ்ச தூரம் போயிருக்கும், வடிவின் போன் அடித்தது.

தங்கபுஷ்பம்தான். சத்தம் விட்டுவிட்டு வந்தது.

"வடிவு, வீடு வந்துருச்சு. இப்பத்தான், பத்து நிமிசம் ஆகும். வடக்கத்திப் புழுதியெல்லாம் அப்பிக் கெடக்கு. படியில பாசி. எடத்துல சரியா உக்காந்துக்கிச்சு, ஒரு கோடு பிசகல. சன்னலைத் தெறந்து தெறந்து பாக்குது வடிவு, ஒங்களைத்தான் தேடுதுபோல. நான் என்ன சொல்ல?"

வடிவு ஆற்றைப் பார்த்தாள். அவர்கள் விட்டுவந்த கரை ஒரு பென்சில் கோடாக இருந்தது.

"நாங்க வர எட்டு நாளாகும்னு சொல்லுங்கக்கா" என்றாள் மெதுவாக. "சாயங்காலம் கொஞ்சம் தண்ணி தெளிச்சு விடுங்க."

போனை முந்தானையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். படகின் மோட்டார்ச் சத்தத்தில் சங்கரபாண்டியனுக்கு ஒன்றும் கேட்டிருக்கவில்லை.

"யாரு?"

"தங்கபுஷ்பக்கா."

"வீட்டைப் பத்தி ஏதும் சேதி உண்டா?"

அவள் பதில் சொல்லாமல் இருந்தாள். சொன்னால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். அடுத்த படகில் திரும்பிவிடலாமா என்பார், சாவி இருக்கிற பையைத் தொட்டுப் பார்ப்பார். சொல்லாமல் வைத்துக்கொள்வதற்கு அவளுடையது என்று இதற்குமுன் ஒன்றும் இருந்ததில்லை. அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, சேதி இல்லை என்று தானாகவே எடுத்துக்கொண்டார். செருப்பைக் கழற்றி மூட்டைக்கு அடியில் தள்ளினார். கால்களை நீட்டிக்கொண்டார். கைக்கடிகாரத்தில் நேரம் பார்த்தவர், என்ன நினைத்தாரோ, அதைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார்.

"பாவம்" என்றார். "இருபத்திரண்டு வருசம் ஒரே எடத்துல நின்னது. இன்னும் பத்து நாள் இருந்துட்டு வரட்டும்."

"ஆமா" என்றாள் வடிவு.